சுண்ணாம்பு பறந்தது, பந்து எங்கே விழுந்தது?

2007ஆம் வருடம், மாசி முடிந்து பங்குனி வெயில் தலைகாட்டத் தொடங்கியிருந்த நேரம். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பெண்களுக்கான பூப்பந்தாட்டப் போட்டி நடந்தது. நான் அப்போது சிதம்பரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. கல்லூரி டீமில் ஆடும் ஐந்து பேரில் ஒருத்தி. அன்றைக்கு அந்த மைதானத்தில் விழுந்த ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று ஒரு மத்தியானம் முழுக்க நான் மண்டையை உடைத்துக்கொண்ட கதை இது.

பூப்பந்து ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்து மஞ்சள் கம்பளி நூலால் ஆனது. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. நடுவில் வலை, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்தவெளியில் ஆட்டம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வீட்டு முற்றத்து விளையாட்டு போலத் தெரியும். இறங்கி ஆடினால் நாக்கு தள்ளிவிடும். வெயிலில் கண் கூசும். காற்றோ நம் பேச்சைக் கேட்காது. வலது மூலைக்கு அடித்த பந்து பாதி வழியில் மனசு மாறி இடது பக்கம் போகும். ஓடி, குனிந்து, எகிறி, முட்டி தேய்ந்து வீட்டுக்கு வந்தால், "பந்துதானடி ஆடின, மூட்டை தூக்கினவ மாதிரி ஏன் படுத்துக் கெடக்குற" என்பார் அம்மா.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைந்துகொண்டே இருப்பேன். பந்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் புத்தம்புதுப் பந்து ஒன்றைப் பிரித்துவிட்டு, திரும்பச் சுற்றத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தவள் நான். டீமில் எனக்கு 'சிஐடி' என்றுதான் பெயர். பாராட்டுக்கு வைத்த பெயர் இல்லை.

எங்கள் கேப்டன் அக்கா கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். புவனகிரி பக்கம் விவசாயக் குடும்பம். ஸ்போர்ட்ஸ் டீச்சர் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. கடலூர் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வரும் இரண்டு டீம்களிலிருந்துதான் மாவட்ட டீமுக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாவட்ட டீமில் ஆடிய சான்றிதழ் இருந்தால் உடற்கல்விப் படிப்புக்கு இடம் கிடைப்பது சுலபம். அக்காவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எங்கள் நாலு பேருக்கும் அது நன்றாகத் தெரியும். அக்காவுக்காக ஜெயிக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டுதான் வந்தோம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிதம்பரத்தில் நாங்கள் ஆடும் கோர்ட் களிமண் தரை. சாயங்காலம் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுத்தான் ஆடுவோம். பந்து கோட்டில் பட்டால் உள்ளே என்றுதான் கணக்கு. கோட்டில் பட்டதா இல்லையா என்று சண்டை வந்தால் எங்களிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. சுண்ணாம்பு பறந்தால் பந்து உள்ளே. பறக்காவிட்டால் வெளியே. யார் போட்ட சட்டமோ தெரியாது, எங்களுக்கு முன்னால் ஆடியவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ சண்டையை அது ஒரே நொடியில் தீர்த்து வைத்திருக்கிறது. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? என் போன்ற சிஐடிகூட அதைக் கேள்வி கேட்டதில்லை.

மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு முதல் ஆட்டம் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த டீமோடு. பள்ளிப் படிப்பு முடித்தும் ஆட்டத்தை விடாத பெண்கள் அவர்கள். பள்ளியில் அவர்களுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்த பழைய பிடி சார் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஊரை விட்டு வெளியே வந்து ஆடுவது அதுதான் முதல் தடவை. வெறுங்காலோடு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள், ஆனால் ஒருத்தர் பந்துக்கு இன்னொருத்தர் ஓடி முட்டிக்கொண்டார்கள். சுலபமாக ஜெயித்துவிட்டோம். எங்களில் ஒருத்தி கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். அந்த டீமில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் மட்டும் திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. அம்பயர் ஒருத்தர்தான் இருப்பார். மூலைகளில் நின்று பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்குத் தோற்ற டீமைத்தான் நிறுத்துவார்கள். 'லைன் நிற்பது' என்று சொல்வோம். தோற்ற வயிற்றெரிச்சலோடு, கொளுத்தும் வெயிலில், அடுத்தவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்குப் பிடிக்கும்? முடிந்தவரை நழுவிவிடுவார்கள். அன்றைக்கும் தோற்ற டீம்கள் ஒவ்வொன்றாகப் பஸ் ஏறிவிட்டன. சேத்தியாத்தோப்புக்காரர்களின் வேன் சாயங்காலம்தான் வரும். அதனால் எங்களுடைய அரையிறுதி ஆட்டத்துக்கு அவர்களே லைன் நின்றார்கள். மேற்குப் பக்கத்துக் கோட்டின் மூலையில் ரெட்டைச் சடை நின்றாள்.

கடலூர் உள்ளூர் டீம்தான் எங்கள் எதிரி. முதல் கேம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது கேம் நடக்கும்போது காற்று திரும்பிவிட்டது. காலையெல்லாம் மேற்கிலிருந்து லேசாக வீசிக்கொண்டிருந்தது நின்று, கடல் பக்கமிருந்து விசுவிசுவென்று வர ஆரம்பித்தது. கடலூர்க்காரர்களுக்கு அது பழக்கம். நாங்கள் தடுமாறினோம். அப்படியும் அக்கா விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தால் ஜெயிக்கிறோம் என்ற நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சர்வீஸும் எங்களுடையது.

அந்தப் பந்து இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உயரமாக வந்ததை அக்கா எகிறி ஓங்கி அடித்தார். அது எதிர்ப்பக்கத்து மேற்குக் கோட்டை நோக்கிப் பாய்ந்தது. எடுக்க வந்தவள் தொடக்கூட முடியவில்லை. பந்து தரையில் பட்டது, வெள்ளையாகச் சுண்ணாம்பு பறந்தது. நாங்கள் நாலு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு அக்காவை நோக்கி ஓடினோம்.

"அவுட்" என்றாள் ரெட்டைச் சடை.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா வலைக்கு அடியில் புகுந்து நேராக அவளிடம் போய்விட்டார்.

"சுண்ணாம்பு பறந்துச்சே, பாக்கலயா நீ?"

"பறந்துச்சு அக்கா. ஆனா பந்து வெளியதான் வுழுந்துச்சு."

"சுண்ணாம்பு பறந்தா எப்படிடி வெளிய வுழும்? காலையில தோத்தீங்கல்ல, அந்தக் காண்டு. அதான் இங்க வந்து தீத்துக்குற."

அந்தப் பெண் பந்து விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அம்பயர் வலையின் கிழக்கு முனையில் நாற்காலி மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சுண்ணாம்பு பறந்தது தெரிந்திருக்கிறது, முகத்தில் குழப்பம் இருந்தது. ஆனால் லைன் நிற்பவர் சொல்வதுதான் முடிவு என்று சொல்லிவிட்டார். சர்வீஸ் எதிர்ப்பக்கம் போனது. கோபத்தில் ஆடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தடுத்து பந்துகளை வலையில் அடித்தோம். தோற்றுவிட்டோம்.

அக்கா பேட்டைக்கூட உறையில் போடாமல் நேராகப் போட்டியை நடத்தியவர்களிடம் போனார். ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த செயலாளரிடம், வேண்டுமென்றே பொய் சொல்லி எங்களைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று புகார் செய்தார். நாங்களும் பின்னால் நின்று தலையை ஆட்டினோம். நானும்தான். சுண்ணாம்பு பறந்ததை நானும் பார்த்தேனே.

செயலாளர் பொறுமையான மனிதர். அம்பயரைக் கேட்டார். அவரும் சுண்ணாம்பு பறந்ததை ஒப்புக்கொண்டார். கடைசியில் செயலாளர் ஒரு முடிவு சொன்னார். அடுத்த அரையிறுதி முடிந்ததும் அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்பார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவள் ஒப்புக்கொண்டால், எங்களுக்கும் கடலூருக்கும் அந்தக் கடைசி கேமை மட்டும் மறுபடி ஆடவைப்பார். ஆனால் வேண்டுமென்று தப்பாக லைன் சொன்ன டீமை இனிமேல் எந்தப் போட்டிக்கும் கூப்பிட முடியாது.

சேத்தியாத்தோப்பு பிடி சாரும் அங்கே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பெண்ணிடம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். காற்றில் அவர் சொன்னதில் பாதி எங்கள் காதிலும் விழுந்தது. "தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லிடும்மா. வேணும்னு செய்யலன்னு நான் பேசிக்குறேன். வூட்டுல எத்தினி கெஞ்சி உங்கள கூட்டியாந்தேன்னு உனக்கே தெரியும். கெட்ட பேரோட போனா இனிமே ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க." அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் வேப்ப மர நிழலில் உட்கார்ந்தோம். எல்லோரும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. வேண்டுமென்று பொய் சொன்னவளாக இருந்தால், சுண்ணாம்பு பறக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாமே. அதுதானே சுலபமான பொய். பறந்தது என்றும் சொல்கிறாள், வெளியே என்றும் சொல்கிறாள். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? அதோடு, 'அவுட்' என்று சொன்ன பிறகு அவள் எங்களைப் பார்க்கவில்லை. பந்து விழுந்த இடத்தையே விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே ஏதோ புரியாதது போல.

நான் இதை மெதுவாகச் சொன்னேன். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் அடுத்த அரையிறுதிக்கு லைன் நிற்க எங்களைக் கூப்பிட்டார்கள். இப்போது தோற்றவர்கள் நாங்கள்தானே.

"ஒருத்தரும் போவக் கூடாது" என்றார் அக்கா. "நம்மள ஏமாத்திட்டு நம்மளயே வெயில்ல நிக்கச் சொல்றாங்களா?"

"நான் போறேன் அக்கா."

"ஏண்டி, உனக்கு ரோஷமே கெடயாதா?"

ரோஷம் இருந்தது. ஆனால் அதைவிட அந்த இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும் என்ற அரிப்பு ஜாஸ்தியாக இருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் என்னைத் திட்டுவது கேட்டது. மற்ற மூலைகளுக்குப் போட்டி நடத்திய கிளப் ஆட்கள் வந்தார்கள். நான் ரெட்டைச் சடை நின்ற அதே மேற்கு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அங்கே நின்றதும் முதலில் தோன்றியது, கோர்ட்டே வேறு மாதிரி இருக்கிறதே என்பதுதான். உள்ளே ஆடும்போது கோடு என்பது தூரத்தில் தெரியும் ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான். இங்கே நின்று அதன் நீளவாக்கில் பார்த்தால், சாலை மாதிரி நேராக ஓடுகிறது. பந்து விழுவது பளிச்சென்று தெரிகிறது. ஆட்டக்காரர்களுடைய கத்தலும் சிரிப்பும் இங்கே ஏதோ பக்கத்து வீட்டுச் சத்தம் போலத்தான் கேட்டது. நாலைந்து பந்துகளை எந்தச் சிரமமும் இல்லாமல் சொன்னேன். பெரிய விஷயமே இல்லை, இதில் தப்பு வர வழியே இல்லை என்று நினைத்தேன். அப்படியானால் அவள் பொய்தான் சொல்லியிருக்கிறாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்புறம் அந்தப் பந்து வந்தது. கடல் காற்றில் வளைந்து என் பக்கத்துக் கோட்டை நோக்கி வந்தது. கோட்டைத் தாண்டி, நாலு விரல்கடை வெளியே விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதே நொடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பறந்தது.

யோசிப்பதற்கு முன்பே வாய், "அவுட்" என்று சொல்லிவிட்டது.

"ஏம்பா, சுண்ணாம்பு பறந்துச்சே, கண்ணு தெரியலயா?" என்று கத்தினாள் பந்தை அடித்தவள்.

அதே வார்த்தைகள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எங்கள் அக்கா சொன்ன அதே வார்த்தைகள். ஐந்து பேரும் என்னையே முறைத்தார்கள். அதைவிட மோசம், எனக்கே என் மேல் சந்தேகம் வந்ததுதான். சுண்ணாம்பு பறந்திருக்கிறது, அப்படியானால் கோட்டில்தானே பட்டிருக்க வேண்டும்? வெளியே விழுந்ததாக நான் பார்த்தது கண் கூசியதாலா? இத்தனை பேர் சொல்லும்போது நான் ஒருத்தி மட்டும் சரியாகப் பார்த்திருக்க முடியுமா? 'உள்ளதான்' என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பந்து விழுந்த இடம் கண்ணில் அப்படியே இருந்தது. அம்பயர் மறுபடி கேட்டார். அவுட்தான் சார் என்றேன்.

ஆட்டம் தொடர்ந்தது. நான் பந்தையே பார்க்க வேண்டியிருந்ததால் குனிந்து பார்க்க முடியவில்லை. அந்த கேம் முடிந்து பக்கம் மாறும் இடைவெளியில்தான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்துத் தரை எங்கள் களிமண் மாதிரி கறுப்பு இல்லை. மணல் கலந்து வெளிறிப்போய் இருந்தது. கோட்டுக்கு வெளியே விரலால் ஒரு கீறு கீறினேன். மேலே வெள்ளை, கீழே மண். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கீறினேன். அங்கேயும் மேலே மெல்லிய வெள்ளை. விரல் நுனியைத் தேய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்புதான்.

அப்போதுதான் விளங்கியது. காலையில் போட்ட கோடு. ஓடிய கால்கள் அதைக் கிளப்பிவிட்டிருக்கின்றன. கடல் பக்கத்துக் காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே தள்ளிக்கொண்டு வந்து பரப்பியிருக்கிறது. வெளிறிய மண் மேல் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கோட்டுக்கு வெளியே நாலு விரல்கடை, சில இடத்தில் ஒரு சாண்கூட, கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு. ஓங்கி அடித்த பந்து அங்கே விழுந்தாலும் பறக்கத்தான் செய்யும். எதிரே கிழக்குக் கோட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்கே சுண்ணாம்பு உள்பக்கமாக நகர்ந்திருந்தது. உள்ளே விழுகிற பந்து எப்படியும் உள்ளேதான், அதனால் அங்கே சண்டையே வரவில்லை. தண்ணீர் தெளித்த ஈரக் களிமண்ணில், காற்று அடங்கிய சாயங்காலத்தில் ஆடிப் பழகிய எங்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

திரும்பி வந்தபோது ரெட்டைச் சடை அந்த இடத்தில் வந்து நின்றிருந்தாள். நான் கீறியதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். அவளும் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். வெள்ளை ஒட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவெளி முடிந்ததென்று அம்பயர் விசில் அடித்தார், அவள் விலகிப் போய்விட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் நேராக அக்காவிடம் போனேன். போகும் வழியில் கால் தயங்கியது உண்மை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பிடி சார் சொல்லிக்கொடுத்தபடி அவள் ஒப்புக்கொள்ளவும் கூடும். எங்களுக்குக் கடைசி கேம் மறுபடி கிடைக்கும். அக்காவின் வாய்ப்பும் திரும்ப வரும். வாயைத் திறந்தால் அது போய்விடும். அக்காவுக்குப் பிடித்த தங்கச்சி நான், அந்தப் பெண்ணோ எனக்கு யாரும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் கண்ணையே நான் சந்தேகப்பட்ட அந்தக் கணம் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் அங்க வாங்க. ஒண்ணு காட்டணும்."

"நீ எந்த டீமுடி?" என்றார் அக்கா.

"உங்க டீம்தான். அதான் கூப்புடுறேன்."

என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார். மூலையில் போய் கீறிக் காட்டினேன். அவர் குனிந்து பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தார், கடல் பக்கம் திரும்பிக் காற்றைப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து பந்தை எடுத்து, கோட்டிலிருந்து நாலு விரல்கடை தள்ளிக் குறி பார்த்து, கையை ஓங்கித் தரையில் அடித்தார். வெள்ளை பறந்தது. மறுபடி எடுத்து இன்னொரு இடத்தில் அடித்தார். மறுபடியும் பறந்தது. மூன்றாவது தடவை அடிக்கும்போது அக்காவின் கண் கலங்கியிருந்தது. மாவட்ட டீம் போய்விட்டது என்பது அந்த அடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் பந்தைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஷாமியானாவில் அந்தப் பெண்ணை அப்போதுதான் கூப்பிட்டிருந்தார்கள். அவள் செயலாளர் முன்னால் நிற்க, பிடி சார் பக்கத்தில் இருந்தார். அக்கா நடையை எட்டிப் போட்டார். அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது அக்கா குறுக்கே புகுந்தார்.

"சார், அந்தப் பந்து அவுட்தான் சார். நாங்கதான் தப்பா சொல்லிட்டோம். அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லிச்சு."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எல்லோரும் மூலைக்கு நடந்தார்கள். அம்பயரும் விரலால் கீறிப் பார்த்தார். புதிதாகச் சுண்ணாம்பு போடச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, வெளியே பரவியிருப்பதைக் கூட்டித் தள்ளவும் சொன்னார். அத்தோடு விஷயம் முடிந்தது. எங்கள் ஆட்டமும் முடிந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு அக்கா அந்தப் பெண்ணிடம் போனார். மன்னிப்பு கேட்பதெல்லாம் அக்காவுக்கு வராது. பேட்டின் நரம்பைச் சும்மா தட்டிக்கொண்டே கேட்டார்.

"அவ்ளோ உறுதியா பாத்தல்ல? அப்புறம் ஏன் பேசாமயே நின்ன? எதனா சொல்லி எங்ககூட சண்ட போட்டிருக்கலாமே."

"பாத்தேன் அக்கா. ஆனா சுண்ணாம்பு ஏன் பறந்துச்சுன்னு எனக்கும் தெரியல. நீங்க எல்லாரும் உள்ளன்னு சொன்னீங்க, அம்பயர் சாரும் சந்தேகப்பட்டாரு, எங்க சாரே நம்பல. அப்போ நான்தான் தப்பா பாத்துட்டேன் போலன்னு நெனச்சுட்டேன். இந்த அக்கா கீறினப்ப வெரல்ல ஒட்டுச்சு, அப்பவும் முழுசா தெம்பு வரல. தப்பா சொல்லிட்டேன்னு சொல்லத்தான் வந்து நின்னேன்."

பிறகு என்னைப் பார்த்து, "அப்போ நான் சரியாத்தான் பாத்திருக்கேன், இல்ல?" என்றாள். அதுவரை இத்தனை பேர் முன்னால் ஒரு சொட்டுக்கூட அழாதவள், அதைச் சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன், என்னால் அடக்க முடியவில்லை.

சாயங்காலம் அவர்களுடைய வேனிலேயே எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். எங்களை இறக்கிவிடுவதற்காகவே சிதம்பரம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து, காலுக்கடியில் பேட்டுகளை அடுக்கி, வழியெல்லாம் ஒரே இரைச்சல். காலையில் சத்தமாகச் சிரித்த எங்கள் ஆள்தான் அவர்களுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். ரெட்டைச் சடையும் அக்காவும் முன் சீட்டில், ஒருத்தர் பந்துக்கு இன்னொருத்தர் ஓடாமல் இருப்பது எப்படி என்று சண்டை போடாத குறையாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கும்போது, அடுத்த தடவை உங்களை ஜெயிக்கிறோம் பாருங்க என்று அவள் கை ஆட்டினாள். அடுத்த வருடம் ஜெயிக்கவும் செய்தார்கள்.

அக்கா மாவட்ட டீமுக்குப் போகவில்லை. உடற்கல்விப் படிப்புக்கும் இடம் கிடைக்கவில்லை. பி.எட். படித்துக் கணக்கு டீச்சர் ஆனார். இன்றும் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடுதான் நிற்கிறார். இதற்காக என் மேல் அவருக்கு வருத்தம் உண்டா என்று ஒரு தடவை போனில் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நீ காட்டாம வுட்டிருந்து, அப்புறமா எனக்குத் தெரிஞ்சிருந்தா, அப்பதான் உன்ன வுட்டிருக்க மாட்டேன்" என்றார். கடலூரிலிருந்து திரும்பிய மறுநாளே எங்கள் கோர்ட்டில் அந்தச் சுண்ணாம்புச் சட்டத்தை ரத்து செய்தவரும் அவர்தான். அதன் பிறகு சண்டை வந்தால், பந்து விழுந்த இடத்துக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் நடந்து போய்க் குனிந்து பார்க்க வேண்டும். ஆட்டம் தாமதமாகும்தான். ஆனால் நடந்து போய்ச் சேர்வதற்குள் பாதிக் கோபம் போய்விடும்.

நானும் டீச்சர்தான். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இடைவேளை முடிந்தால் போதும், 'அவன்தான் தள்ளினான் மிஸ், என் கண்ணால பாத்தேன்' என்று ஒரு கூட்டம் வந்து நிற்கும். நீ எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்டு, அவர்களை அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போவேன். மிஸ்ஸுக்கு வேறு வேலையே இல்லை என்று பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த மேற்குக் கோட்டில் நின்ற பெண், சரியாகப் பார்த்த தன் கண்ணையே தப்பு என்று சொல்ல வந்து நின்றாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு பதறுகிறது.